ஆணியும் அதில் தொங்கிய பாத்திரங்களும்



2025 ஏப்ரல் 27, ஞாயிறு இரவு, தமிழக அமைச்சர்கள் இருவர் பதவி விலகிய செய்தி நம் மலைக்கும் வந்து சேர்ந்தது. ஒருவர், நம் வாழ்வோடு அன்றாடம் உரசிக்கொண்டிருக்கும் வனத்துறையை வைத்திருந்த பொன்முடி அவர்கள். மற்றவர், மின்துறையை வைத்திருந்த செந்தில் பாலாஜி அவர்கள். முன்னவர் ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சினால் எழுந்த கண்டனத்துக்குப் பின் விலகினார். பின்னவர், பதவி வேண்டுமா ஜாமீன் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பின் விலகினார்.

அன்றிரவு நம் வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த பதிவுகளைப் படித்தேன். சிரிக்கும் முகங்களை எண்ணினேன், இருபத்தாறு. வேத வசனங்களும் இருந்தன. பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார் என்ற பொருளில் மூன்று பேர் மூன்று வசனங்களை அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் மூப்பர் ஒருவர் என்னிடம், "ஐயா, இந்த வாரத் தியானத்தில் இதைப் பற்றி எழுதுங்கள், பிள்ளைகளுக்கு நல்ல எச்சரிப்பாக இருக்கும்" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அந்த இருவரைப் பற்றியன்று. அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுடைய காரியம் அவர்களுக்கும் அவர்களுடைய வாக்காளர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியது. நம் மலையே வாக்களித்து அனுப்பிய ஒருவர் உயர்ந்ததையும் விழுந்ததையும், அந்த வாரத்தில் நமக்கு நேர்ந்ததையும், அதில் உங்கள் போதகனாகிய நான் எங்கே நின்றேன் என்பதையும் எழுத விரும்புகிறேன். பத்து ஆண்டுகளாக இதை நான் பிரசங்க பீடத்திலிருந்து பேசியதில்லை.

முதலில் இளையோருக்காகச் சில விவரங்கள். அவர்கள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடும் சேந்தமங்கலமும். அவ்விரண்டும் நம் மலையில் இல்லை. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடப்பதால், மலையின் வாக்குகளும் பல தொகுதிகளாகச் சிதறுகின்றன. எந்தத் தொகுதியிலும் சமவெளி வாக்குகளே மிகுதி. நம் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கலசப்பாக்கம் தொகுதியைச் சேர்ந்தது. ஆகவே நமக்காகச் சட்டமன்றத்தில் நிற்பவர் எவராயினும், அவர் மலையடிவாரத்துக்குக் கீழேயிருந்து வருகிறவராகவே இருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் நிலைமை இது என்பதற்காகச் சொல்லுகிறேன். நமக்கென்று இருப்பது ஒரே ஒரு ஆளின் குரல். அதுவும் பாதிக் குரல்.

2011-ஆம் ஆண்டுத் தேர்தலில் கலசப்பாக்கத்தில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர் அக்ரி எஸ்.எஸ். கிருஷ்ணமூர்த்தி. பெயருக்கு முன்னாலேயே வேளாண்மையைச் சுமந்திருந்த அவர் பின்னர் வேளாண்மைத் துறைக்கே அமைச்சரானார். சாமையும் கடுக்காயும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கிற ஒரு மலைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியுமா என்று அப்போது பேசிக்கொண்டோம். நம் சபையிலும் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னோம். நானே சொன்னேன்.

2015 பிப்ரவரி 20 அன்று திருநெல்வேலியில் வேளாண் பொறியியல் துறையின் பொறியாளர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துறையின் ஓட்டுநர் பணியிடங்களுக்கு ஆட்களை நியமிப்பதில் அவருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி தரப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்க்கட்சிகள் அமைச்சரின் பெயரைச் சொல்லிப் போராடின. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் கிருஷ்ணமூர்த்தி அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். கட்சிப் பொறுப்பும் பறிக்கப்பட்டது. ஏப்ரல் 5 அன்று அவர் கைது செய்யப்பட்டு நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்.

குற்றஞ்சாட்டப்படுவது வேறு, குற்றம் நிரூபிக்கப்படுவது வேறு. இவ்வேறுபாட்டை மறந்து எழுத நான் துணியமாட்டேன். நீங்களும் மறந்து வாசிக்க வேண்டாம். யார் நெருக்கினார், யார் நெருக்கவில்லை என்று நிறுத்துப் பார்க்கும் தராசு என் கையில் இல்லை. பின்னாளில், 2021-இல், போளூர்த் தொகுதி மக்கள் அவரை மீண்டும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.  ஆகவே வீழ்ச்சி என்று நான் சொல்லுவது ஒரு மனிதனின் முடிவையன்று. 2015-இன் அந்த இரண்டு மாதங்களை மட்டுமே.

அந்த ஏப்ரல் 5 என்ன நாள் என்று உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அது உயிர்த்தெழுந்த திருநாள்.

அதிகாலை ஆராதனை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுத் திரும்பினோம். முற்பகலில் செய்தி பரவிற்று. ஆலய வளாகத்தில் காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் தொலைபேசியைக் காட்ட, மற்றொருவர் உரக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் என் உள்ளத்தில் ஒரு திருப்தி எழுந்ததை மறைப்பதற்கில்லை. உயர்ந்தவர் தாழ்த்தப்படுவதைக் காணும்போது மனிதனுக்குள் எழும் அந்தச் சிறிய இனிப்பு எனக்கும் தெரிந்திருந்தது. கல்லறை திறந்த நாளில் ஒருவருக்குச் சிறை மூடியதை நாங்கள் பொங்கலும் சாம்பாரும் உண்டபடி பேசிக்கொண்டிருந்தோம். அவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நெல்லையில் தகப்பனை இழந்த வீட்டை நினைத்து ஜெபிக்கவும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துச் சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், தங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரச் சிறப்புக் காவல் படை. பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றனர் குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்பினரும். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது. ஐதராபாத் உயர் நீதிமன்றம் வரை காரியம் சென்றது. மாண்டவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். நம் ஜவ்வாது மலையின் மேலும் அடிவாரத்திலும் பிறந்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தருமபுரி மாவட்டத்தவர். சித்தேரி மலைப் பக்கத்து நம் சகோதரர்கள்.

அந்த வாரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. விதவைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இதை வாசிக்கவும் கூடும். ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். செவ்வாய் இரவு என் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். எங்கள் சபையைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும். "ஐயா, பிள்ளைகள் மூன்று நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்? யாரிடம் கேட்பது?" என்றார்கள். எனக்கு முதலில் தோன்றியது, எம்.எல்.ஏ.வைக் கேட்கலாம் என்பதே. சொல்லக்கூட வாய் திறந்துவிட்டேன். பிறகுதான் அவர் எங்கே இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

சட்டம் இதில் ஒரு விசித்திரத்தை வைத்திருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் சட்டமன்ற உறுப்பினர் தகுதியிழப்பார். 2013-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அது உடனடியாகவே நிகழும். ஆனால் வெறும் கைதினால் இருக்கை காலியாவதில்லை. ஆகையால் கலசப்பாக்கத்துக்கு அன்று உறுப்பினர் இருந்தார், இல்லாமலும் இருந்தார். மாற்று ஆளைத் தெரிந்தெடுக்கவும் வழியில்லை, இருக்கிறவரைக் கூப்பிடவும் வழியில்லை. நம் பிள்ளைகளின் உடல்கள் அயல் மாநிலத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், நம் பேரால் பேசும் உரிமை பெற்றிருந்த ஒரே மனிதர் சிறைக்குள் இருந்தார்.

அவர் வெளியே இருந்திருந்தால் பேசியிருப்பாரா? நம் செய்திகளைச் சென்னைக்குக் கொண்டுபோயிருப்பாரா? இதற்கு விடை தேடுவதை நான் விட்டுவிட்டேன். கேட்கும் வாசலே இல்லாதிருந்தது என்பதுதான் என்னை விட்டகலாத காரியம். ஞாயிறன்று ஒரு மனிதன் விழுந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. செவ்வாயன்று அவரோடு சேர்ந்து விழுந்தது எங்கள் குரல் என்று விளங்கியது.

அந்த நாட்களில் ஒரு வேதபகுதி என்னைத் துரத்திற்று. ஏசாயாவின் 22-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை இன்று நீங்களே எடுத்து வாசியுங்கள். எசேக்கியா ராஜாவின் காலத்தில் அரமனைக்கு மேலாளனாக இருந்த செப்னா என்பவனிடம் தீர்க்கதரிசி அனுப்பப்படுகிறான். செப்னா உயரமான கன்மலையில் தனக்கொரு கல்லறையை வெட்டிக்கொண்டிருக்கிறான். நாடு முற்றுகையின் விளிம்பில் நிற்கையில் அவன் தன் பெயர் நிலைக்கும்படி கல் வெட்டுகிறான். பந்தைப் போல அவன் தொலைதூரத்துக்கு எறியப்படுவான் என்று வாக்கு வருகிறது. அவனுக்குப் பதிலாக இல்க்கியாவின் குமாரன் எலியாக்கீம் வருகிறான். அங்கி அவனுக்கு, கச்சை அவனுக்கு, தாவீது வீட்டின் திறவுகோல் அவன் தோளின்மேல். எருசலேமின் குடிகளுக்குத் தகப்பனைப் போல இருப்பான். உறுதியான இடத்தில் அடித்த ஆணியாக இருப்பான்.

சாதாரணமாக நாம் இவ்விடத்தில் பிரசங்கத்தை நிறுத்திவிடுவோம். கெட்டவன் போனான், நல்லவன் வந்தான், ஆமென். இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பழைய ஏற்பாடு கற்பித்த ஆசிரியர் மட்டும் நிறுத்தவிடமாட்டார். "இன்னும் இரண்டு வசனம் இருக்கிறது, படியுங்கள்" என்பார். அவ்விரண்டு வசனங்களில், அந்த ஆணியின்மேல் குடும்பத்தார் எல்லாவற்றையும் தொங்கவிடுகிறார்கள். சிறிய கிண்ணங்கள் முதல் பெரிய குடங்கள் வரை. பிறகு ஆணி பிடுங்குண்டு விழுகிறது. அதில் தொங்கிய அத்தனையும் விழுந்து அழிகிறது. விழுந்த ஆணி செப்னாதான் என்பர் சிலர். எலியாக்கீமே என்பர் வேறு சிலர். வேத அறிஞரிடையே இது இன்னும் தீராத வழக்கு. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். நல்ல ஆணியும் விழும் என்றே அவ்வசனத்தை வாசிக்கிறேன். ஆணி துருப்பிடித்ததென்று அங்கே எழுதியிருக்கவில்லை. பாத்திரங்களின் பட்டியல்தான் எழுதியிருக்கிறது.

நம் மலை வீடுகளின் மண்சுவரில் அடித்திருக்கும் முளையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிவாள், விதைச் சாமை முடிந்த துணி, பிள்ளையின் பள்ளிப்பை, தாத்தாவின் கம்பளி, ரேஷன் அட்டை வைத்த பிளாஸ்டிக் உறை என்று எல்லாம் அதே முளையில். ஒருநாள் சுவரோடு பெயர்த்துக்கொண்டு விழும்போது முளையைத் திட்டுவோம். எதை எதை அதில் மாட்டினோம் என்று எண்ணுவதில்லை.

நெல்லைக் காரியத்தில் குற்றச்சாட்டின் வேர் எது? சில ஓட்டுநர் வேலைகள். அதை நினைத்துப் பாருங்கள். ஒரு மாநில அமைச்சரவையை ஆட்டிய காரியத்தின் அடியில் அணைக்கட்டு ஒப்பந்தமோ சுரங்க உரிமமோ இல்லை; அரசு வண்டி ஓட்டும் சில வேலைகள் மட்டுமே. அந்த வேலைகளை விரும்பிய குடும்பங்கள் இருந்திருக்கும். அக்குடும்பங்களுக்காக யாரிடமாவது போய்ப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். அவ்வழக்கில் எது நடந்தது என்று நான் சொல்லவில்லை. பொதுவாக நம் நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் அவ்விதம் போய்ப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

இம்மலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் ஊழியம் செய்துவந்தேன். சபையில் ஒரு சகோதரி, கணவர் குடிகாரர், மூன்று பிள்ளைகள். பக்கத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் பணியிடம் காலியாயிற்று. நான் சபையின் முகவரித் தாளில் ஒரு கடிதம் எழுதி, மூப்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அத்தொகுதியின் அந்நாளைய உறுப்பினரைப் போய்ப் பார்த்தேன். ஒரு சால்வையும் ஒரு கூடை பழமும் எடுத்துச் சென்றோம். எங்கள் சபையில் எத்தனை குடும்பங்கள், எத்தனை வாக்குகள் என்று மூப்பர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், நான் தடுக்கவில்லை. உறுப்பினர் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். ஒரே நிமிடம். சகோதரிக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை. கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று அவர் சாட்சி சொன்னார். சபை அல்லேலூயா என்றது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் அமர்ந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு பேசினார். அவரும் அதே வேலைக்கு விண்ணப்பித்தவர், கணவரை இழந்தவர், பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அதை அவருக்குச் சொன்னதே அப்பட்டியலைத் தயாரித்த அலுவலர்தானாம். "அந்த சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மன்னித்துக்கொள்ளம்மா, என் கையில் இல்லை என்று அழுதுவிட்டார், ஐயா" என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. என் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. அவர் இறங்கும் ஊர் வந்ததும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த அலுவலரின் முகத்தை நான் பார்த்ததில்லை. 2015 பிப்ரவரியில் நெல்லைச் செய்தியைப் படித்தபோது அவர்தான் என் முன்னே வந்து நின்றார். ஒரு சால்வை, ஒரு கூடைப் பழம், ஒரு நிமிடத் தொலைபேசி. இவற்றின் முழுப் பாரமும் கடைசியில் கோப்பில் கையெழுத்திட வேண்டிய ஒரு மனிதனின் நெஞ்சில் போய் இறங்குகிறது என்பதை நான் அப்போதே அறிந்திருக்க வேண்டும். அறிந்திருந்தும், ஏப்ரல் 5 அன்று காலை உணவு மேசையில் அந்தத் திருப்தி எனக்குள் எழுந்தது. நம் இருதயம் எவ்வளவு விசித்திரமானது பாருங்கள்.

லஞ்சம் வாங்குவது பாவம் என்று நாம் அனைவரும் ஒப்புக்கொள்வோம். லஞ்சம் கொடுப்பதும் பாவம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வோம். சிபாரிசைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம் முகம் மாறுகிறது. அது அன்பின் கிரியை, அயலானுக்குச் செய்யும் உதவி, போதகரின் கடமைகளில் ஒன்று. நம் சபையிலேயே நான் பெற்ற நன்மதிப்பில் பாதி, யாருக்கு எதை வாங்கிக் கொடுத்தேன் என்பதால் வந்தது. பிரசங்கத்தினால் வந்தது குறைவு என்றே நினைக்கிறேன். நல்ல ஆயர் யார்? "பெரிய இடத்தில் செல்வாக்கு உள்ளவர்." நல்ல எம்.எல்.ஏ. யார்? "கேட்டதைச் செய்து கொடுப்பவர்." கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்ன? சட்டம் இயற்றுவது, அரசின் வரவுசெலவைக் கேள்வி கேட்பது, நம்மைப் பற்றிய காரியங்களை அவையின் பதிவில் ஏற்றுவது. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. நம் மலையில் எத்தனை குடும்பங்களுக்கு அச்சட்டப்படி உரிமை கிடைத்தது, எத்தனை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று அவையில் கேட்பது அவருடைய வேலை. நம் வாலிபர்கள் ஏன் தரகரின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆந்திரக் காட்டுக்குப் போகிறார்கள், மலையில் விளையும் சாமைக்கு ஏன் கட்டுப்படியாகும் விலை இல்லை என்று கேட்பது அவருடைய வேலை. அந்தக் கேள்விகளுடன் நம்மில் எத்தனை பேர் எந்த உறுப்பினரிடம் போனோம்? 2011-க்கும் 2015-க்கும் இடையே நம் சபையார் அவரிடமும் அவருடைய ஆட்களிடமும் கொண்டுபோன மனுக்களில் பலவற்றை எழுதிக் கொடுத்தவன் நான். ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு வேலை, ஒருவரின் மகனுக்குக் கல்லூரி இடம், ஒருவரின் நிலத்தகராறில் காவல் நிலையத்துக்கு ஒரு வார்த்தை. செம்மரத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு மனுவும் இல்லை. அவர்கள் போவது ஊருக்கெல்லாம் தெரியும். கையில் பணத்தோடு திரும்பியவன் ஆலயத்தில் காணிக்கை போட்டபோது, அது எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டதில்லை.

ஆகவே, வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளே, உங்கள் இருபத்தாறு சிரிப்புகளுக்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு அருகதை இல்லை. நீங்கள் அனுப்பிய வசனங்களில் பிழையில்லை. கர்த்தர் பெருமையுள்ளவர்களை எதிர்க்கிறார். ஆனால் பதவியிலிருந்து ஒருவர் இறங்கிய செய்தி அடுத்த முறை வரும்போது, அவர் இருந்த இடத்தை அன்று மாலை யார் தேடி வருவார்கள் என்றும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மீண்டும் தேர்தல் வரும். கரை வேட்டிகள் மலையேறி வரும். ஆலய வாசலிலும் வரும்; சால்வையோடு வரும். சபையின் கூரைக்கு ஓடு, சுற்றுச்சுவர், ஒலிபெருக்கி என்று ஏதாவது கேளுங்கள் என்பார்கள். மூப்பர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: சபையின் பெயரால் எதுவும் கேட்கப்போவதில்லை. கூரை ஒழுகினால் நாமே மாற்றுவோம், இல்லாவிட்டால் நனைவோம். இதில் எனக்கும் மூப்பர் சிலருக்கும் கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "சட்டப்படி வரும் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்பதில் என்ன தவறு?" என்கிறார்கள். ஊருக்குக் கேட்பதில் தவறில்லை. பள்ளிக்கும் குடிநீருக்கும் சாலைக்கும் கேட்போம், ஊர்க்காரர் அனைவரோடும் நின்று கேட்போம். ஆலயத்துக்கென்று கேட்டால், பிறகு நாம் அவர் ஆணியில் தொங்கும் கிண்ணமாகிவிடுவோம். தொங்குகிற கிண்ணம் கேள்வி கேட்காது.

சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கடிதம் கொடுப்பதை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சிலர் இதனால் வருந்திச் சபையை விட்டு வேறு ஐக்கியத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அவர்களுடைய தேவை உண்மையானது. கடிதத்துக்குப் பதிலாக நான் கூட வருவேன் என்கிறேன். விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம், தகுதிச் சான்றுகளைச் சேர்ந்து தேடுவோம், அலுவலகத்தின் வரிசையில் சேர்ந்து நிற்போம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம். பெரும்பாலும் காலம் பிடிக்கிறது. சில வேளை கிடைப்பதே இல்லை. கிடைத்தபோது, வேறு எவருடைய பெயரும் அதற்காகக் கீழே தள்ளப்படவில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யார் வந்து அமர்ந்தாலும் முகத்தைப் பார்க்கலாம்.

செம்மரத்துக்குப் போய் மாண்டவர்களின் வீடுகளில் அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவ்வீடுகளில் ஒன்றில் பாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை பல மாதங்களாக வரவில்லை. வரும் திங்கட்கிழமை திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். பாட்டியோடு நானும், பட்டா மாறுதலுக்காக இன்னும் இருவரும் ஜமுனாமரத்தூரிலிருந்து காலை முதல் பேருந்தில் புறப்படுகிறோம். மனு எழுதத் தெரிந்த வாலிபர் ஒருவர் கூட வந்தால் உதவியாயிருக்கும். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. சிறிய எழுத்துகள் தெரிவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்